டிரெய்லர் கதவைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது, செருப்பு போடாதவருக்கு மட்டும்

குற்றாலச்சாரல்:

வணக்கம். நாங்கள் டெக்சாஸில், ஆஸ்டினுக்கு வடக்கே வசிக்கிறோம். தனியார் ஒருவரிடமிருந்து பழைய கேம்பர் டிரெய்லர் ஒன்றை வாங்கினோம். 24 அடி நீளம், 30 ஆம்பியர் மின் இணைப்பு, கேஸிலும் கரண்டிலும் ஓடும் வெந்நீர் ஹீட்டர். இதுவரை அதனால் பெரிய தொல்லை ஏதும் இருந்ததில்லை.

சென்ற வாரம் ஆற்றங்கரை முகாம் ஒன்றில் தங்கியிருந்தோம். தென்காசியிலிருந்து வந்திருக்கும் அப்பாவும் உடன் இருந்தார். இரவெல்லாம் மழை. கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டதால், அப்பா குளிப்பதற்காக அன்று காலைதான் ஹீட்டரைக் கரண்டில் போட்டோம். அப்பா வெறுங்காலோடு ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கதவுப் பிடியைத் தொட்டதும் "சுரீரென்று இழுக்கிறது" என்று கத்தினார். நானும் கணவரும் பிள்ளைகளும் தொட்டுப் பார்த்தோம். எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் ரப்பர் செருப்பு போட்டிருந்தோம் என்பது பிறகுதான் உறைத்தது. வயதானவர் ஏதோ நினைத்துக்கொள்கிறார் என்று அந்த ஐந்து நிமிடமும் அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தோம்.

கணவர் ஈர மண்ணில் ஒரு ஸ்குரூ டிரைவரைக் குத்தி, அதற்கும் கதவின் அலுமினியச் சட்டத்துக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தார். 84 வோல்ட். முகாம் ஊழியரை அழைத்தோம். மூன்று விளக்கு எரியும் சிறிய டெஸ்டர் ஒன்றை அவர் மின்பெட்டியின் 20 ஆம்பியர் சாக்கெட்டில் செருகி, "எல்லாம் சரியாக இருக்கிறது, கோளாறு உங்கள் வண்டியில்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கள் இடத்தில் 30 ஆம்பியர் சாக்கெட்டில் கரண்ட் வரவில்லை. அதனால் 50 ஆம்பியர் சாக்கெட்டில்தான் இணைத்திருந்தோம். அதற்கான அடாப்டர் டிரெய்லரோடு வந்த பெட்டியில் கிடந்தது. அதை வேறெங்கும் பயன்படுத்தியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டில் கராஜில் உள்ள, டெஸ்ட், ரீசெட் பொத்தான் வைத்த சாக்கெட்டில் டிரெய்லரை இணைத்தால் உடனே டிரிப் ஆகிவிடுகிறது. ஹீட்டர் அணைந்திருந்தாலும் அப்படித்தான். விற்றவரிடம் கேட்டபோது, அந்த வகை சாக்கெட் டிரெய்லருக்கு ஒத்துவராது, சாதாரண சாக்கெட்டில் போடுங்கள் என்றார். துணி துவைக்கும் அறையில் உள்ள சாக்கெட்டில் போட்டால் வேலை செய்கிறது, ஷாக்கும் இல்லை.

84 வோல்ட் ஆபத்தா? கோளாறு முகாமிலா, வண்டியிலா? படிக்கட்டில் தடிமனான ரப்பர் பாய் போட்டுவிடலாம் என்கிறார் கணவர். வண்டியை விற்றுவிடு என்கிறார் அப்பா.

---

பாலாற்றங்கரை:

ரப்பர் பாய் வேண்டாம். விற்கவும் வேண்டாம். காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வரை எந்த சாக்கெட்டிலும் அதை இணைக்க வேண்டாம், ஷாக் அடிக்காத சாக்கெட் உட்பட.

நான் ஹூஸ்டனில் ஆலை ஒன்றில் மின் பராமரிப்புப் பணியில் இருக்கிறேன். இதுபோன்ற டிரெய்லர் என்னிடமும் உண்டு. இந்தக் கோளாறுக்கு இங்கே 'ஹாட் ஸ்கின்' என்று பெயர். டிரெய்லர் நிற்பது ரப்பர் டயரின்மேல், ஜாக்கிகளுக்கு அடியில் பெரும்பாலும் மரக்கட்டை. ஆக, அதற்கு எர்த் என்று இருப்பது கரண்ட் வரும் கேபிளுக்குள் ஓடும் ஒற்றைக் கம்பி மட்டுமே. அது அறுந்துவிட்டால், உள்ளே எங்கே கசிந்தாலும் அந்த வோல்ட் வண்டியின் முழு உடம்புக்கும் ஏறிவிடும். சட்டம், கதவு, படி, முன்பக்கக் கொக்கி என்று எதைத் தொட்டாலும் ஒன்றுதான். உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது, ஏனென்றால் அவரும் அதே வோல்ட்டில் இருக்கிறார். ஒரு காலை மண்ணில் வைத்துக்கொண்டு கையால் கதவைப் பிடிப்பவர்தான் மாட்டிக்கொள்வார்.

84 வோல்ட் ஆபத்தா என்றால், ஆம். ஈரமான உடலின் மின்தடையைத் தோராயமாக 1000 ஓம் என்று வைத்துக் கணக்கிடுவது வழக்கம். 84 வோல்ட்டுக்கு 84 மில்லி ஆம்பியர். 10 மில்லி ஆம்பியர் அளவிலேயே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 100ஐ நெருங்கும்போது இதயத் துடிப்பே குழம்பும். உங்கள் அப்பா பிடியைப் பிடிக்கவில்லை, தொட்டார். விரல் நுனியும் காய்ந்திருந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம். குளித்துவிட்டு ஈரக் கையோடு வெளியே வந்து திரும்ப ஏறியிருந்தால் என்று நான் எழுதப்போவதில்லை.

சரி, கோளாறு எங்கே? நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது.

எர்த் மட்டும் அறுந்து, வேறு கசிவே இல்லாவிட்டாலும்கூட மீட்டர் ஏதாவது வோல்ட் காட்டும். பேட்டரி சார்ஜர், டிவி, மைக்ரோவேவ் ஆகியவற்றின் இரைச்சல் வடிகட்டிகளில் சிறிய கெப்பாசிட்டர்கள் உண்டு. அவை ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் வண்டியின் உடம்பைத் தொங்கவிடும். அதனால் 120இல் பாதியாக, 60க்குப் பக்கத்தில் வரும். அதில் ஓடுவது பெரும்பாலும் ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு, கூச்சமாகத் தெரியுமே தவிர இழுக்காது. உங்களுடையது 84, இழுத்தும் இருக்கிறது. அதுவும் ஹீட்டரைக் கரண்டில் போட்ட காலையில்.

அடுத்தது கராஜ். அந்தப் பொத்தான் வைத்த சாக்கெட்டைத்தான் ஜிஎஃப்சிஐ என்கிறோம். அது ஒரு கணக்குப்பிள்ளை. ஃபேஸில் போன கரண்ட் நியூட்ரலில் அப்படியே திரும்பி வருகிறதா என்று பார்க்கும். 5 மில்லி ஆம்பியர் அளவுக்குக் குறைந்தாலே கதவைச் சாத்திவிடும். அது டிரெய்லருக்கு ஒத்துவராது என்று உங்களிடம் விற்றவர் சொன்னது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. வண்டியில் கசிவு இருக்கிறது என்பதை அது இணைத்த கணமே சொல்லியிருக்கிறது.

ஹீட்டர் அணைந்திருந்தபோதும் ஏன் டிரிப் ஆனது? இங்கே பிரேக்கரும் ஹீட்டரின் சுவிட்சும் பெரும்பாலும் ஃபேஸை மட்டுமே துண்டிக்கும். நியூட்ரல், தண்ணீரைச் சூடாக்கும் காயிலோடு ஒட்டிக்கொண்டேதான் இருக்கும். காயிலின் உறை வெடித்து உள்ளே இருக்கும் கம்பி தொட்டியைத் தொட்டிருந்தால், நியூட்ரலும் எர்த்தும் வண்டிக்குள்ளேயே சேர்ந்துவிடும். பேட்டரி சார்ஜர் ஓடத் தொடங்கினாலே கரண்டில் ஒரு பங்கு எர்த் வழியாகத் திரும்பும், கணக்கு உதைக்கும். அமெரிக்க மின் விதித்தொகுப்பின் 551ஆம் பிரிவு, டிரெய்லருக்குள் நியூட்ரலும் எர்த்தும் சேரவே கூடாது என்கிறது. அவை சேர வேண்டிய இடம் கரண்ட் புறப்படும் மெயின் போர்டு மட்டும்.

ஆகவே என் சந்தேகம் வெந்நீர்க் காயில். தொட்டியில் தண்ணீர் இல்லாமல் சுவிட்சைப் போட்டால் சில நொடிகளிலேயே அது கருகிவிடும். பழைய வண்டிகளில் மிகச் சாதாரணமாக நடப்பது.

ஆனால் காயில் கசிந்தால் மட்டும் ஷாக் அடிக்காது. எர்த் சரியாக இருந்திருந்தால் ஹீட்டரின் பிரேக்கரே விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. எனவே அன்று எர்த்தும் இல்லை. இரண்டு கோளாறுகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. முகாம் ஊழியர் 20 ஆம்பியர் சாக்கெட்டைச் சோதித்தது அந்த சாக்கெட்டுக்கு மட்டும்தான் சான்று. வேறெங்கும் பயன்படுத்தாத அந்த 50 ஆம்பியர் அடாப்டர்மேல் எனக்கு ஒரு கண்.

எப்படிப் பார்ப்பது: வண்டியை எதிலும் இணைக்காதீர்கள். ஜெனரேட்டர், இன்வெர்ட்டர் இருந்தால் அவையும் அணைந்திருக்கட்டும். முதலில் அடாப்டரை எடுத்து, எர்த் முனையிலிருந்து எர்த் முனைக்கு மீட்டரை ஓம் அளவில் வையுங்கள். ஒரு ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். அப்படியே கம்பியின் இரு கழுத்தையும் வளைத்து, முறுக்கிப் பாருங்கள். எண் துள்ளினால் அதைக் குப்பையில் போட வேண்டியதுதான். முக்கிய கேபிளையும் இதே மாதிரி. பிறகு கேபிளின் எர்த் முனைக்கும் டிரெய்லர் சட்டத்துக்கும் இடையே, பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில் வைத்துப் பாருங்கள்.

அதன்பின் ஹீட்டர். பிரேக்கரை அணைத்து, மூடியைத் திறந்து, காயிலின் இரு முனைகளிலிருந்தும் கம்பிகளைக் கழற்றிவிடுங்கள். கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இத்தகைய ஹீட்டர்களில் காயில் பெரும்பாலும் 1440 வாட், அப்படியானால் முனைக்கு முனை 10 ஓம் வர வேண்டும். முனைக்கும் தொட்டிக்கும் இடையே மீட்டர் எதுவுமே காட்டக் கூடாது. காட்டினால் எண்களை இங்கே எழுதுங்கள்.

---

தாமிரபரணி:

மகளே, நான் மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது திருநெல்வேலியில் இருக்கிறேன். பாலாற்றங்கரைத் தம்பி சொன்னது சரி. ஆனால் எர்த் அறுந்து போகும் என்று தெரிந்த பிறகு முகாமின் எர்த்தை எதற்கு நம்ப வேண்டும்? நம் ஊரில் வீட்டுக்கு வீடு குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் பைப் இறக்குகிறோம். நீயும் போகுமிடமெல்லாம் ஒரு செம்புக் கம்பியை மண்ணில் அடித்து, வண்டிச் சட்டத்தோடு இணைத்துவிடு. ஒரு வாளித் தண்ணீர் ஊற்று. தீர்ந்தது வேலை.

இன்னொரு எச்சரிக்கை, இது உன் அப்பாவுக்காக. நம் ஊரில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். என் மகன் வீட்டுக்கு நியூ ஜெர்சி போயிருந்தபோது பார்த்தேன், அங்கே கறுப்புதான் ஃபேஸ், வெள்ளை நியூட்ரல். நாற்பது ஆண்டுப் பழக்கம் உள்ள கை, கண்ணைக் கேட்காது. அப்பா உதவி செய்கிறேன் என்று வந்தால் முதலில் இதைச் சொல்.

---

பாலாற்றங்கரை:

ஐயா, நிறம் பற்றி நீங்கள் சொன்னதை நான் மறந்தே போயிருந்தேன், நன்றி. ஆனால் எர்த் கம்பி விஷயத்தில் உங்களோடு உடன்பட முடியாது. இங்கே அது உதவாது.

ஒரு கம்பியை மண்ணில் அடித்தால் அதற்கும் பூமிக்கும் இடையே என்ன தடை கிடைக்கும்? கட்டடங்களுக்கு எட்டடிக் கம்பி அடிக்கும்போதே 25 ஓமுக்குக் கீழே வரவில்லை என்றால் இன்னொன்றும் அடி என்கிறது இங்குள்ள விதி. அந்த 25 ஓமே கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். 120 வோல்ட் நேரடியாகச் சட்டத்தில் ஏறினால் 120ஐ 25ஆல் வகுக்க 4.8 ஆம்பியர் ஓடும். 15 ஆம்பியர் பிரேக்கர் அதை ஒரு சிறிய பாத்திரம் காய்கிறது என்று நினைத்துக்கொண்டு விழாமலே இருக்கும். சட்டத்தில் வோல்ட்டும் இருக்கும், கம்பியைச் சுற்றியுள்ள ஈர மண்ணிலும் இருக்கும். அங்கே வெறுங்காலோடு நிற்பவர் நிலை இன்னும் மோசம்.

நம் ஊரில் தனி எர்த் குழி பாதுகாப்புத் தருகிறதென்றால், அதற்குத் துணையாக, கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினாலே கரண்டைத் துண்டிக்கும் இஎல்சிபி இருக்க வேண்டும். அது இல்லாத வீடுகளில் என்ன நடக்கிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இங்கே எர்த் கம்பி பூமியை நம்பி இல்லை. அது உலோக வழியாகவே மெயின் போர்டுக்குத் திரும்பி நியூட்ரலோடு சேர்கிறது. வழி முழுக்கச் சேர்த்தாலும் ஒரு ஓம் இருக்காது. அதனால்தான் கசிந்ததும் நூறு ஆம்பியர் அளவில் பாய்ந்து பிரேக்கர் விழுகிறது. அந்த வழியை முழுதாக வைத்திருப்பது ஒன்றே மருந்து. தவிர, ஆஸ்டினுக்கு மேற்கே எல்லாம் சுண்ணாம்புப் பாறை, கம்பி ஓரடி இறங்கினாலே அதிசயம்.

---

நல்லூர்க்காரன்:

மெல்பேர்ணில் இருந்து எழுதுகிறேன். வாசிக்க ஆச்சரியமாக இருக்கிறது. இங்கே 230 வோல்ட். கேரவனுக்குள் இருக்கும் 230 வோல்ட் சுற்றுகள் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடியின் (கசிவு கண்டதும் துண்டிக்கும் கருவி) காவலில் இருக்க வேண்டும், ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்தே துண்டிக்கப்பட வேண்டும். அங்கே ஹீட்டருக்கு அப்படி எதுவும் இல்லையா? மற்றது, இங்கே அந்தக் காயிலின் கம்பியை நீங்களே கழற்றினால் சட்டப்படி குற்றம். உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் தொடலாம்.

---

பாலாற்றங்கரை:

நல்லூர்க்காரரே, உங்கள் ஊர் முறை மேல், மறுக்கவில்லை. இங்கே பழைய டிரெய்லர்களில் ஜிஎஃப்சிஐ காவல் குளியலறை, சமையல் மேடை, வெளிப்புற சாக்கெட்டுகளுக்கு மட்டும்தான். ஹீட்டரும் ஏசியும் ஃபிரிட்ஜும் வெறும் பிரேக்கரில் ஓடுகின்றன. அதனால்தான் இந்தக் கசிவு ஆண்டுக்கணக்கில் பதுங்கிக் கிடக்க முடிகிறது. சொந்த வண்டியில் கை வைக்க இங்கே தடை இல்லை. மீட்டர் பிடிக்கத் தயக்கம் உள்ளவர்கள் ஆளை அழைப்பதே நல்லது.

---

குற்றாலச்சாரல்:

பாலாற்றங்கரை அண்ணா, தாமிரபரணி ஐயா, எல்லோருக்கும் நன்றி. பார்த்துவிட்டோம்.

அடாப்டரை நேராக வைத்திருந்தபோது 0.3 ஓம் காட்டியது. கணவர் "இது நன்றாகத்தான் இருக்கிறது" என்று கீழே வைக்கப் போனார். பிளக் பக்கக் கழுத்தை நான் வளைத்ததும் மீட்டர் வெறுமையானது. மறுபடி வளைத்தால் வருகிறது, விட்டால் போகிறது. வெட்டித் திறந்தோம். பச்சைக் கம்பி, பிளக்கின் முனையோடு சேருமிடத்தில் இரண்டு மூன்று இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. முக்கிய கேபிள் நன்றாக இருக்கிறது.

காயில்: முனைக்கு முனை 10 ஓம். கறுப்புக் கம்பி இருந்த முனையிலிருந்து தொட்டிக்கு 3 ஓம். வெள்ளைக் கம்பி இருந்த முனையிலிருந்து தொட்டிக்கு 7 ஓம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து இந்த எண்களை எல்லாம் காலண்டர் தாளின் பின்புறம் எழுதிக்கொண்டார். கறுப்பு நிறத்தைப் பற்றி ஐயா சொன்னதைச் சொன்னேன். "அதெல்லாம் எனக்குத் தெரியும்" என்றார். தெரியாது.

காயிலைக் கழற்றிய பிறகு, எல்லா பிரேக்கரையும் போட்டு, கேபிள் பிளக்கில் எர்த்துக்கும் மற்ற இரு முனைகளுக்கும் இடையே பார்த்தோம். எதுவும் காட்டவில்லை. இது போதுமா?

கீழே படுத்துப் பார்த்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. முன்பக்கம் பேட்டரியிலிருந்து மின் ஜாக்கிக்குப் போகும் கறுப்புக் கம்பி, கொக்கிச் சட்டத்தின் விளிம்பில் உராய்ந்து தோல் உரிந்திருக்கிறது. அதில் ஃபியூஸ் எதுவும் தெரியவில்லை. 12 வோல்ட்தானே, டேப் சுற்றினால் போதுமா? மேலும், வீட்டில் டிரெய்லருக்கென்று 30 ஆம்பியர் சாக்கெட் ஒன்று பொருத்த வார இறுதியில் எலக்ட்ரீஷியன் வருகிறார். அவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

---

பாலாற்றங்கரை:

எண்கள் பேசுகின்றன பாருங்கள். மொத்தம் 10 ஓம். கம்பி வெடித்துத் தொட்டியைத் தொட்ட இடம் ஃபேஸ் முனையிலிருந்து 3, நியூட்ரல் முனையிலிருந்து 7. 120ஐ அந்த விகிதத்தில் பிரித்தால் தொட்டியில் நிற்பது 84 வோல்ட். உங்கள் கணவர் ஈர மண்ணில் குத்திய ஸ்குரூ டிரைவர் ஒரு வோல்ட்கூடப் பிசகாமல் சொல்லியிருக்கிறது. எர்த் இருந்திருந்தால் 120ஐ 3ஆல் வகுக்க 40 ஆம்பியர், பிரேக்கர் தாங்கியிருக்காது. அந்த இரண்டு மூன்று இழை அன்றைக்கு விலகியிருந்ததால் அந்த 84 வோல்ட்டும் கதவில் நின்றது.

அடாப்டரை வெட்டியது நல்லதாயிற்று. இல்லையென்றால் யாராவது ஒருநாள் பெட்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

பிளக்கில் பார்த்தது அவசியமான சோதனை, ஆனால் மல்டிமீட்டர் தன் சிறிய பேட்டரியால் தள்ளிப் பார்ப்பது. 120 வோல்ட் ஏறும்போது மட்டும் கசிகிற கோளாறை அது தவறவிடலாம். அதற்கு உங்களிடம் ஏற்கெனவே நல்ல கருவி இருக்கிறது, கராஜ் சாக்கெட். புதிய காயில் போட்ட பிறகு அதில் இணையுங்கள். ஹீட்டர் மட்டுமே 12 ஆம்பியர் எடுக்கும், எனவே ஹீட்டர், ஏசி, மைக்ரோவேவ், ஃபிரிட்ஜ் என்று ஒவ்வொன்றாக, மற்றதை அணைத்துவிட்டுப் போட வேண்டும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் கம்பியில் இதைச் செய்ய வேண்டாம், பிளக் உருகிவிடும். பொத்தான் குதித்தால் அந்த நேரத்தில் ஓடிய கருவியைப் பாருங்கள். குதிக்காவிட்டால் இனி அதையே வழக்கமான சாக்கெட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய காயிலை ஓடவிடும் முன் தொட்டியை நிரப்பி, உள்ளே வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று துப்பாமல் தண்ணீர் சீராக வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கரண்ட் சுவிட்ச். குளிர்காலத்தில் தொட்டியைக் காலி செய்பவர்கள் அந்த சுவிட்சின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவைப்பது நல்ல பழக்கம்.

முகாமில் என் வழக்கம் இது. தொடாமலே வோல்ட்டைக் காட்டும் பேனா டெஸ்டர் ஒன்று வைத்திருக்கிறேன், இருபது டாலருக்குள் கிடைக்கும். கேபிளை இணைத்ததும், தரையில் நின்றபடி, வண்டியை இன்னும் தொடாமல், பேனாவைக் கதவுச் சட்டத்தின் அருகே கொண்டுபோவேன். விளக்கு எரிந்தால் பிரேக்கரை அணைத்துக் கேபிளைப் பிடுங்கிவிட வேண்டும். வண்டிக்குள் நின்றுகொண்டு சோதித்தால் அது ஒன்றும் காட்டாது. நம் ஊர் நியான் டெஸ்டர் இதற்கு வேண்டாம், அது உங்கள் உடம்பு வழியாகக் கரண்டை விட்டுத்தான் எரிகிறது. பேனாவுக்கு மேல் ஒரு காவல் வேண்டுமென்றால், மின்பெட்டிக்கும் கேபிளுக்கும் நடுவே பொருத்தும் காப்புக் கருவி வாங்கலாம். எர்த் அறுந்தால், ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால், வோல்ட் 104க்குக் கீழோ 132க்கு மேலோ போனால் அதுவாகவே துண்டிக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை கசிவை அளப்பதில்லை. உங்கள் காயிலை அது கண்டுபிடித்திருக்காது, அடாப்டரைக் கண்டுபிடித்திருக்கும்.

மூன்று விளக்கு டெஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் வீடு பழையதா? எர்த் கம்பியே இல்லாத பழைய வீடுகளில் சிலர் நியூட்ரலை எர்த் திருகோடு சேர்த்துவிடுவார்கள். அதோடு ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், எர்த் முனையிலேயே 120 வோல்ட் நிற்கும். டெஸ்டர் மட்டும் எல்லாம் சரி என்று காட்டும். டிரெய்லர்களின் மின் பாதுகாப்பைப் பற்றி நீண்ட காலமாக எழுதிவரும் மைக் சோகல் இதைத் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறார். துணி துவைக்கும் அறை சாக்கெட்டை அந்தப் பேனாவால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

12 வோல்ட் கம்பி: டேப் போதாது. 12 வோல்ட் ஷாக் அடிக்காது, எரிக்கும். அந்தக் கறுப்புக் கம்பி சட்டத்தைத் தொட்டால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும், தடுக்க நடுவில் எதுவும் இல்லை. பக்கத்திலேயே கேஸ் சிலிண்டர்கள் இருப்பதை நினைவில் வையுங்கள். பேட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றி, உராய்ந்த கம்பியை மாற்றி, விளிம்பைத் தாண்டுமிடத்தில் பிளாஸ்டிக் உறை போட்டு, பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் வையுங்கள். ஜாக்கியின் கையேட்டில் எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். கவனம், டிரெய்லரின் 12 வோல்ட்டில் கறுப்புதான் நேர்முனை, வெள்ளை எதிர்முனை. காரில் வேலை பார்த்துப் பழகியவர்கள் கறுப்பை எதிர்முனை என்று நினைத்து மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். உங்கள் அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள், தெரியும் என்றாலும் சொல்லுங்கள்.

எலக்ட்ரீஷியனிடம் சொல்ல வேண்டியது ஒன்றே. டிரெய்லருக்கான 30 ஆம்பியர் சாக்கெட் மூன்று துளை, 120 வோல்ட். வீடுகளில் மட்டும் வேலை பார்த்துப் பழகியவர்கள் அதைத் துணி உலர்த்தும் இயந்திரத்தின் 30 ஆம்பியர் சாக்கெட் என்று எண்ணி 240 வோல்ட் கொடுத்துவிடுகிறார்கள். சார்ஜர், மைக்ரோவேவ், டிவி எல்லாம் ஒரே நேரத்தில் போய்விடும். ஒற்றை பிரேக்கர், கறுப்பு, வெள்ளை, பச்சை. வேலை முடிந்ததும் அவர் முன்னாலேயே மீட்டரை வையுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 120, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 120, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய பூஜ்யம். எங்காவது 240 வந்தால் காசு கொடுப்பதற்கு முன் சொல்லிவிடுங்கள்.